சில்லைக் கேட்காமல் எழுதிய பட்டியல்

எங்கள் முதலாளிக்கு மனிதர்களை அறிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான் தெரியும். "எந்தத் தெரு?" என்பது அந்தக் கேள்வி. முதலில் ஊரைக் கேட்பார். ஊரைச் சொன்னால் போதாது. கோயிலுக்கு எந்தப் பக்கம், வாய்க்காலுக்கு இக்கரையா அக்கரையா என்று கேட்டுக்கொண்டே வந்து, தேடிய விடை கிடைத்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார். எதிரே இருப்பவர் என்ன படித்திருக்கிறார், என்ன செய்யத் தெரிந்தவர் என்பவை அதற்குப் பிறகு அவருக்கு வேண்டாத செய்திகள். தஞ்சாவூரில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று நான் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கிறேன், வாயைத் திறக்காமலே கேட்கும் வித்தையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் இதே முறையை மின்னணுச் சில்லுகளிடமும் கையாண்டார் என்பதும், அதற்குத் துணைநின்று பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டவன் நான் என்பதும்தான் இங்கே எழுத வேண்டியவை.

தொலைபேசித் துறையில் இணைப்பகங்களைக் கட்டி மேய்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நான் வந்துசேர்ந்த காலம், நாட்டின் கதவுகளெல்லாம் திறந்துவிடப்பட்டன என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் அந்தக் கதவுகளின் வழியே உள்ளே வந்ததைவிட வெளியே போனது அதிகம். அதிராம்பட்டினத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். போவதையும் வருவதையும் ஓசையில்லாமல் செய்துகொண்டார்கள். எங்கள் தெருவிலோ ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் போனால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போனது. திரும்பி வந்து, விமான நிலையத்தில் காப்பி என்ன விலை என்று ஒரு வாரம் பேசினார்கள்.

முதலாளியின் மகன் அப்படிப் போனவன். அதுவரை அரவை ஆலைகளுக்கு வேண்டிய சுவிட்சுப் பலகைகளும் ஸ்டெபிலைசர்களும் செய்துகொண்டிருந்த அவருடைய தகரக் கொட்டகைக்கு, மகன் போன மறு மாதமே ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயர்ப்பலகை வந்தது. கொட்டகை அதே கொட்டகைதான். முதலாளி பக்திமான் என்று பெயர் எடுத்தவர். திருவையாற்று இசை விழாவில் முதல் வரிசையில் அமர்ந்து, முதல் கீர்த்தனை முடியும் முன்பே உறங்கிப்போய், படம் எடுப்பவர் அருகே வரும்போது மட்டும் எப்படியோ விழித்துக்கொள்ளும் அருள் அவருக்கு வாய்த்திருந்தது. ஆற்றங்கரைக் கோயிலில் நான் காலையில் பதிகம் பாடுவதை ஒருநாள் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"உங்க குரலுக்கு நம்ம கம்பெனில ஒரு நாற்காலி போட்டுடறேங்க."

குரலுக்கு எதற்கு நாற்காலி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது, அதிகாரிகள் வரும்போது எதிரே உட்கார்த்திவைக்கத் திருநீறு பூசிய ஒரு நெற்றி. எனக்கு வேண்டியிருந்தது, பகலில் போய் உட்கார ஓரிடம். இருவரும் ஒருவரை ஒருவர் சரியாகவே கண்டுகொண்டோம்.

அங்கே செய்யப்பட்டது நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் மீட்டர். கைக்கு அடக்கமான பெட்டி. ஒரு குவளை நெல்லைக் கொட்டி, நெல் ரகத்துக்கு உரிய பொத்தானை அழுத்தினால் எண் வரும். கொள்முதல் நிலையத்தில் பதினேழுக்கு மேல் எண் வந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். விவசாயி மறுபடியும் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒவ்வொரு கணக்கு அட்டவணை உண்டு. அந்த அட்டவணைகள் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஒரு நினைவுச் சில்லில், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் மெமரியில், இருந்தன. அந்தச் சில்லைப் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் தெரிந்த நிரல் துண்டுக்கு டிரைவர் என்று பெயர். சில்லு செய்யும் நிறுவனங்கள் பல என்பதால் டிரைவர்களும் மூன்று வைத்திருந்தோம். ஒரு நிறுவனத்தின் சில்லில் அழிப்பது ஒரு பாத்தி அளவு. இன்னொன்றில் ஒரே மூச்சில் ஒரு வயல் அளவு அழியும். எந்தச் சில்லு என்று தெரியாமல் தவறான டிரைவரைக் கொண்டு அழித்தால், ஒரு ரகத்தின் அட்டவணையைத் திருத்தப் போய்ப் பக்கத்து ரகங்களின் அட்டவணைகளும் காணாமல் போகும்.

ஆகவே, எந்தப் பெட்டியில் எந்தச் சில்லு என்பதை யார் சொல்வது என்பதே எங்கள் கொட்டகையின் பெரிய கேள்வி. அமெரிக்காவில் இருந்த மகன் மின்னஞ்சலில் தீர்ப்பு எழுதினான். பெட்டியின் வரிசை எண்ணைப் பார்த்து மேலே இருக்கும் முதன்மை நிரல் முடிவு செய்யும். கீழே இருக்கும் டிரைவர் சொன்னதைச் செய்யும். டிரைவருக்குச் சில்லைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை; கேட்கவும் கூடாது. இன்னொன்றும் எழுதினான். ஏதாவது ஓர் அட்டவணை கிடைக்காவிட்டால் மீட்டர் பிழை என்று காட்டக் கூடாது. பொதுவான ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டிவிட வேண்டும். பிழை என்று காட்டினால் வாங்குபவர்களிடம் மீட்டரின் மதிப்புக் குறைந்துபோகுமாம். இந்த அறிவுக்கு அவன் ஆர்க்கிடெக்சர் என்று பெயர் வைத்திருந்தான். முதலாளி அந்தத் தாளை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குக் கீழே மாட்டினார்.

டிரைவர்களை எழுதியவர் ஓர் இளம்பெண். கீழ்வேளூர்ப் பக்கம். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். பிறகு சொந்தமாக மூன்று மா, ஒரு ஏக்கர் அளவு, நிலம் வாங்கியவர்கள். மகளை எலக்ட்ரானிக்ஸ் படிக்கவைத்தார்கள். நேர்காணலில் முதலாளி தம்முடைய கேள்வியைக் கேட்டார். வாய்க்காலுக்கு அக்கரை என்று தெரிந்ததும் சாய்ந்துகொண்டார். வேறு யாரும் அந்தச் சம்பளத்துக்கு வராததால் வேலை கொடுத்தார். சேர்ந்த சில வாரங்களில் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார்.

"சார், எந்த சிப்புன்னு நாம எதுக்கு சார் பட்டியல் போட்டு மல்லுக்கட்டணும்? சிப்பைக் கேட்டா அதுவே சொல்லுமே."

"கேட்டால் சொல்லுமா?"

"அதுக்குன்னே ஒரு கட்டளை இருக்குங்க சார். அனுப்புனா, யாரு செஞ்சது, என்ன மாடல்னு ரெண்டு நம்பரத் திருப்பிக் கொடுக்கும். டிரைவர் ஒவ்வொண்ணும் தானே கேட்டுப் பாத்துக்கட்டும். என்னோடதுன்னா எடுத்துக்கட்டும், இல்லன்னா கைய விரிச்சிட்டு அடுத்ததுக்கு விட்டுடட்டும். மெயின் புரோகிராமுக்கு இந்த வம்பே வேணாம்."

இதில் தவறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தவறு இல்லாததும் சொன்னவர் யார் என்பதும் சேர்ந்து என்னைச் சங்கடப்படுத்தின. முதலாளியிடம் கொண்டுபோனோம். அவர் முழுவதையும் கேட்கவில்லை.

"டிரைவர்னா ஸ்டீரிங்கப் பிடிக்கணும்மா. எந்த ஊருக்குப் போறதுன்னு பின்னாடி உக்காந்திருக்கறவன் சொல்லுவான்."

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஊரை நீங்களே சொல்லுங்க சார், வேணாங்கல. வண்டி டீசலா பெட்ரோலான்னு டிரைவர் பாத்துக்கட்டுமேன்னுதான் சொல்றேன்."

முதலாளி நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பக்கத்துக் கோயில்ல பிரசங்கம் பண்ண ஆள் தேடிக்கிட்டிருந்தீங்களே சார், இதோ இருக்கு," என்றார். கொட்டகை மறுபடியும் சிரித்தது. அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் தம்முடைய முறையில் நிரலை எழுதி முடித்து, சோதித்து, அட்டவணைச் சில்லு அல்லாமல் நிரலுக்கென்றே பெட்டியில் இருக்கும் வகைச் சில்லு ஒன்றில், நிரல் சில்லில், ஏற்றி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதில் தொலைபேசித் துறை எனக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தது.

பட்டியல் எழுதும் பணி என்னுடையதாயிற்று. முதலாளியின் மைத்துனர் சென்னையில், சில்லுகளில் எது மலிவோ அதை, எவர் கொடுத்தாலும் வாங்கி, பிளாஸ்டிக் குழாய்களில் அடைத்து அனுப்புவார். நான் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சில்லின் முதுகிலும் அச்சிட்டிருந்த பெயரைப் படித்து, இந்த வரிசை எண் முதல் இந்த வரிசை எண் வரை இந்தச் சில்லு என்று எழுதி, அடியில் கையெழுத்து வைப்பேன். அந்தப் பட்டியல்தான் முதன்மை நிரலில் ஏறும். சில முதுகுகள் சுரண்டப்பட்டு, மேலே கறுப்புப் பூச்சு அடித்து, வேறு பெயர் அச்சிடப்பட்டிருந்தன. விரல் நகத்தால் உரசினால் வந்துவிடும். ஒன்றிரண்டை உரசியும் பார்த்தேன். மைத்துனரிடம் சொன்னேன். "மேல எழுதியிருக்கறதுதான சார் பேரு? நீங்க ஏன் தோலை உரிக்கிறீங்க?" என்றார். நான் உரிப்பதை நிறுத்தினேன். எழுதியிருந்த பெயரை எழுதிக்கொண்டேன். பெட்டிகள் வெளியே போகும் நாளில் முதலாளி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வரிசை எண்ணின் மேலேயே வைத்தார், எண் தெரியவில்லை. பட்டியலும் சரியில்லை, எண்ணும் தெரியவில்லை என்றால் பெட்டியை யார்தான் அறிவார்? ஆண்டவன் அறிவான் என்று இருந்துவிட்டோம்.

அந்தச் சம்பா அறுவடைக்கு முன்னால் ஒரு ரகத்தின் அட்டவணையைத் திருத்தச் சொல்லி ஆணை வந்தது. எங்கள் ஆள் ஒருவர் நிலையம் நிலையமாகப் போய்த் திருத்திவிட்டு வந்தார். மாசி பிறந்து சில நாளில், கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. சருகாய்க் காய்ந்த நெல்லுக்கெல்லாம் மீட்டர் பத்தொன்பது காட்டுகிறது. மூன்று நாளாக ஒரு மூட்டைகூட எடை போடவில்லை. வானம் வேறு கறுக்கிறது.

முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார். "ஈரத்தோட கொண்டாந்து கொட்டிட்டு மீட்டரைக் குத்தம் சொல்றானுங்க. போயி நல்லாப் புரியவச்சிட்டு வாங்க," என்றார். புரியவைப்பதற்கு என் நெற்றி; கருவிப் பையைத் தூக்குவதற்கு அந்தப் பெண். விடிந்ததும் பேருந்து ஏறினோம். அமெரிக்க மகன் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்று அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது; அது அம்மிக்கல்லின் எடை. கைப்பையில் அந்த நிரல் சில்லும் இருந்தது என்பதை நான் பிறகு அறிந்தேன்.

நிலையத்தின் களத்தில் பதினொரு குவியல்கள். பதினொரு விவசாயிகள். எடைக்கருவி ஒரு பக்கம் சும்மா நின்றது. சுமைதூக்கும் ஆட்கள் சாக்குகளின் மேல் படுத்திருந்தார்கள். வடகிழக்கில் வானம் அழுக்குத் துணிபோலத் தொங்கியது. பிற்பகலில் கொட்டும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மழை வருவதற்குள் நெல் மூட்டையில் ஏறி உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் நனையும். வேறு சிக்கல் எதுவும் இல்லை.

கடைசிக் குவியல் களத்தின் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. பதினோராவது டோக்கன். அதற்கு உரியவர் ஒரு முதியவர். குத்தகை நிலத்தில் தாமே பயிர் வைத்தவர். அதற்கு முன்னால் நாற்பது ஆண்டு பிறர் நெல்லைத் தூக்கியவர் என்று அவரே சொன்னார். நிலையத்தின் எழுத்தர் எங்களைக் காட்டி, "மீட்டர் கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க, இனி அவங்களத் திட்டுங்கய்யா, என்னை விடுங்க," என்றார். முதியவர் திட்டவில்லை. குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, என் முன்னே உள்ளங்கையை நீட்டினார்.

"ஒண்ணு கடிச்சுப் பாருங்க சார். நறுக்குன்னு உடையுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் நெல்லின் பதம் பார்ப்பது பல்லால்தான். காய்ந்த நெல் உடையும். ஈர நெல் நசுங்கும். சிறுவயதில் நானும் பார்த்தவன்தான். ஆனால் அந்தக் கை என் முன்னே நின்றபோது நான் நெல்லைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். "மீட்டரில் பார்த்துவிடலாம்," என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் அந்த உள்ளங்கையிலிருந்து இரண்டு நெல் எடுத்துக் கடித்தார். நறுக்கென்ற ஓசை எனக்கே கேட்டது. அன்று காலையிலும் நான் பாடிவிட்டுத்தான் பேருந்து ஏறியிருந்தேன். பதிகம் பாடிய பெரியவர்கள் தங்களை நாய் என்று சொல்லிக்கொண்டார்கள். அதைப் பண் பிசகாமல் பாடத் தெரிந்த எனக்கு, ஒரு மனிதனின் கையிலிருந்து ஒரு நெல்மணியை எடுக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண் மடிக்கணினியை எழுத்தரின் மேசையில் வைத்து, மீட்டரோடு இணைத்து, சில்லுக்குக் கேள்வியை அனுப்பினார். ஒரு நொடிகூட ஆகவில்லை, விடை வந்தது. திரையை என் பக்கம் திருப்பினார்.

"உங்க பட்டியல்ல என்ன சார் போட்டிருக்கு?"

நான் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தேன். சந்தனத்தைச் சுரண்டி வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, பட்டியலில் தேடினோம். தாளில் ஒரு பெயர்; திரையில் வேறு பெயர். ஒரு ரகத்தைத் திருத்தப் போய்ப் பக்கத்து ரகங்களை அழித்துவிட்டு, இல்லாத அட்டவணைக்குப் பதிலாக ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, மீட்டர் மூன்று நாளாகக் கூசாமல் எண் காட்டிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட இருக்கற புரோகிராமை மாத்திட்டு, அட்டவணைய மறுபடி ஏத்துனா போதும். பத்து நிமிஷம் சார். போடட்டுங்களா?"

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. போடு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்," என்பது. என் பணிக்காலம் முழுவதும் எதையும் கேட்காமல் செய்ததில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமை எவ்வளவு இழிந்தது என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு களம் நிறைய நெல் வேண்டியிருந்தது.

பெரிய சாலைக்கு நடந்து, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசினேன். முதலாளி பதறினார்.

"பையனைக் கேக்காம மெயின் புரோகிராம்ல யாரும் கை வைக்கக் கூடாதுங்க. நான் அவன்கிட்ட பேசிட்டுக் கூப்புடறேன். அங்கயே இருங்க, நகராதீங்க."

நகராமல் இருந்தேன். பூத்துக்காரர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். கால் மணி, அரை மணி போனது.

"யாரோட போனுக்கு சார் காத்திருக்கீங்க?"

"அமெரிக்காவிலிருந்து அனுமதி வரவேண்டும்."

"எதுக்குங்க?"

"இங்கே நெல் எடை போடுவதற்கு."

பூத்துக்காரர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நான் வேடிக்கை பேசவில்லை என்று தெரிந்ததும், "அங்க மழை வருமான்னும் கேட்டுக்குங்க சார்," என்றார்.

காத்திருந்த நேரத்தில் நான் வாய்க்குள் பதிகம் சொன்னேன். மழை தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பத்து நிமிட வேலையைச் செய்ய விடாமல் தடுத்துவிட்டு, அதனால் வரும் கேட்டை ஆண்டவன் வந்து நீக்க வேண்டும் என்று கேட்கும் பக்திக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு தொலைபேசி ஒலித்தது.

"எடுக்க மாட்டேங்கிறான். அங்க நடுராத்திரி பாருங்க, தூங்குறான் போலருக்கு. சாயங்காலம் அவன் எந்திரிச்ச பிறகு பாத்துக்கலாம்."

களத்துக்குத் திரும்பியபோது காற்று மாறியிருந்தது. சிலர் தார்ப்பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்கள். முதியவர்தான் முதலில் கேட்டார்: "உத்தரவு கெடச்சிதுங்களா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தப் பெண் எழுந்து என் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"போடுன்னு நீங்க சொல்ல வேணாம் சார். வேணாம்னு சொல்லாம இருந்தீங்கன்னா போதும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னால் முடிந்த துணிவு அவ்வளவுதான். அந்தப் பெண் பெட்டியின் முதுகைத் திறந்து, பழைய நிரல் சில்லை நெம்பி எடுத்து, தம்முடையதைப் பொருத்தினார். மீட்டர் உயிர்த்தது. திரையில் வரிகள் ஓடின. முதல் டிரைவர் கேட்டுப் பார்த்து, என்னுடையதில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே சொன்னது. மூன்றாவது எடுத்துக்கொண்டது. யாரும் மேலிருந்து யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அட்டவணைகள் ஏறின. எழுத்தர் முதல் குவியலிலிருந்து ஒரு குவளை நெல்லைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினார். பதினாறு.

"அட, எந்திரிங்கய்யா!" என்று எழுத்தர் கத்தினார். படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். சாக்கு, கோணி ஊசி, எடை, தோள் என்று களம் ஒரே இயக்கமாயிற்று. டோக்கன் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. எழுத்தர் எண்ணைப் படிப்பார். விவசாயி நெல்லை அள்ளக் குனிவார். எட்டாவது குவியலின் கடைசி மூட்டை உள்ளே போனபோது மழை கொட்டத் தொடங்கியது. ஒன்பதும் பத்தும் மேட்டில் இருந்தன, நல்ல தார்ப்பாய், தப்பித்தன. பதினொன்று பள்ளத்தில் இருந்தது. முதியவரின் தார்ப்பாய் மேலே காத்தது. கீழே வாய்க்கால் பக்கத்திலிருந்து தண்ணீர் நுழைந்தது. அவர் மண்வெட்டியால் வரப்புப் போட்டார். சுமைதூக்குவோர் இருவர் அவருக்கு உதவினார்கள். தண்ணீர் வேறு வழியில் வந்தது. பூத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் மூன்று குவியலை எடை போட்டிருக்கலாம் என்று, ஓட்டுக்கூரையின் கீழே நனையாமல் நின்றுகொண்டு, நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகவே வந்தது.

மழை விட்டதும் எழுத்தர் அந்தக் குவியலின் அடியிலிருந்து ஒரு குவளை எடுத்தார். மீட்டர் இருபத்தொன்று காட்டியது. எழுத்தர் எண்ணைப் படிக்காமல் பெட்டியை முதியவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

முதியவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இப்ப இது சொல்றது நெசந்தானா, ஆயி?"

"நெசந்தாங்க."

அவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். ஓசை எழவில்லை. "ஆமா. நசுங்குது," என்றார். உள்ளங்கையில் இருந்த மிச்ச நெல்லை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவரும் ஒன்றை எடுத்துக் கடித்துத் தலையசைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் கை என் பக்கம் வரவில்லை.

அன்றே பேருந்து ஏறித் திரும்பினோம். மாலையில் விழித்துக்கொண்ட மகன், முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இந்த வழி தன் மனத்திலும் இருந்தது என்று மின்னஞ்சல் அனுப்பினான். முதலாளி பழைய சட்டத்திலிருந்த தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளைச் செருகினார். லட்சுமிக்கு அது வேறுபாடாகத் தெரிந்திருக்காது. அடுத்த இசை விழா மலரில் ஒரு முழுப் பக்க விளம்பரம் வந்தது. தன் உள்ளத்தைத் தானே அறியும் மீட்டர் என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் மகனின் படம், பின்னால் ஏதோ ஒரு பாலம். அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. மெய்ப்புத் திருத்தியவன் நான். ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு அனுப்பினேன்.

சில மாதங்களில் அந்தப் பெண் விலகல் கடிதம் கொடுத்தார். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, தம்மை மறந்து, பழக்கத்தால் கேட்டார்:

"சிங்கப்பூர்ல எங்கம்மா?"

"தெருப் பேரு தெரியலைங்க சார். அங்க யாரும் கேக்கல."

கிளம்பும் முன் என் மேசைக்கு வந்து விடைபெற்றார். முதியவரின் நெல் என்ன ஆயிற்று என்று அப்போதுதான் கேட்க எனக்கு வாய் வந்தது. சாலையில் கொட்டி நான்கு நாள் காயவைத்தாராம். மீட்டர் பதினைந்து காட்டியதாம். ஆனால் நெல் பழுப்பேறி நிறம் மாறிவிட்டது என்று நிலையத்தில் எடுக்கவில்லை. ஒரு வியாபாரி வந்து கோழித்தீவனத்துக்கு என்று அள்ளிக்கொண்டு போனார். அடுத்த போகத்துக்கு அவர் குத்தகையை விட்டுவிட்டார். "மறுபடியும் அதே களத்துல மூட்டை தூக்கப் போறாருங்க சார்," என்றார் அந்தப் பெண். என்மேல் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. செய்தியாகச் சொன்னார்.

மீட்டர்கள் தாமே தங்கள் சில்லைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகு என் பட்டியல் யாருக்கும் வேண்டியதாக இல்லை. ஆனாலும் முதலாளி, கோப்பில் ஒன்று இருக்கட்டும் என்றார். அந்த மாதம் நான் எழுதவில்லை. மறுமாதம் சென்னையிலிருந்து சில்லுகள் வந்தபோது, பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, முதுகுகளில் எழுதியிருந்த பெயர்களைப் படித்து, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்திட்டேன்.